ஆடியதை எழுதுவது எப்படி? நடனக் குறிமுறைகள்: ஒரு விளக்கம்

ஃபோர்ட்நைட் என்ற வீடியோ விளையாட்டில் பணம் கட்டினால் நம் பாத்திரத்தைச் சில நொடிகள் ஆடவைக்கலாம். அப்படி 2020-இல் விற்பனைக்கு வந்த ஓர் ஆட்டத்தில் தன் நடனத்தின் ஒரு துண்டு அப்படியே இருக்கிறது என்று அமெரிக்க நடன அமைப்பாளர் கைல் ஹனகாமி 2022-இல் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நடனத்தைத் தனித்தனி உடல்நிலைகளாகப் பிரித்துப் பார்த்தது. எந்த ஒரு நிலைக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, எல்லாவற்றையும் சேர்த்தாலும் அது ஒரு சின்னத் துண்டுதான் என்று முடித்துவிட்டது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி, காலம், இடைநிறுத்தம், விசை, திரும்ப வரும் அசைவு எல்லாம் சேர்ந்ததுதான் நடன அமைப்பு என்றும், நிலைகளை மட்டும் எண்ணிப் பார்த்தது தவறு என்றும் சொன்னது.

இந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு குழப்பம். பாட்டு என்றால் ஸ்வரப்படுத்திய தாள் இருக்கிறது. கதை என்றால் புத்தகம் இருக்கிறது. ஆடி முடித்ததும் மறைந்துபோகிற ஒன்றுக்கு எதைக் காட்டி உரிமை கேட்பது? ஆட்டத்தை எழுத முடியுமா?

முடியும். ஐரோப்பாவில் மட்டும் 500 ஆண்டுகளுக்கு மேலாக எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் மேற்கத்திய இசைக்கு அமைந்தது போல எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை நடனத்துக்கு அமையவே இல்லை. ஒவ்வொரு முறையும் நடனம் என்றால் இன்னதுதான் என்று முதலிலேயே ஒரு முடிவு எடுத்துக்கொள்கிறது. அந்த முடிவுக்கு வெளியே நிற்பதை எழுதாமல் விட்டுவிடுகிறது. பின்னால் வருகிற சண்டைகள் பெரும்பாலும் அப்படி விட்டுப்போனதைப் பற்றியவை.

எழுத வேண்டியது எவ்வளவு?

ஒரே ஒரு நொடி ஆட்டத்தைத் தாளில் கொண்டுவர வேண்டுமானால் குறைந்தது இவ்வளவையும் சொல்ல வேண்டும்:

1. எந்த உறுப்பு அசைகிறது. கை என்று சொன்னால் போதாது. தோளா, முழங்கையா, மணிக்கட்டா, விரலா?

2. எந்தத் திசையில், எந்த உயரத்துக்கு. இங்கேயே ஒரு சிக்கல் உண்டு: வலது என்பது ஆடுபவரின் வலதா, பார்ப்பவரின் வலதா?

3. எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் நீள்கிறது.

4. உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணில் இது எளிதில் படாது. ஆனால் அடுத்த அடி எந்தக் காலில் எடுக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

5. அரங்கில் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து, யாரோடு.

6. எப்படி. அழுத்தியா, மிதந்தா, வெட்டியா, இழுத்தா.

அத்தனையையும் எழுதினால் தாளை யாராலும் படிக்க முடியாது. அதனால் குறிமுறைகள் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டன.

முதல் வழி, பெயர் சொல்வது. 15-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு-பர்கண்டி அரசவை ஆட்டங்களை ஒரே எழுத்தில் குறித்தார்கள்: ஒற்றை அடிக்கு ஓர் எழுத்து, இரட்டை அடிக்கு ஓர் எழுத்து. கறுப்புத் தாளில் பொன்னும் வெள்ளியுமாக எழுதிய அப்படி ஒரு சுவடி பிரஸ்ஸல்ஸில் இன்னும் இருக்கிறது. அந்த அடி எப்படி வைப்பது என்று தெரிந்தவருக்கு ஓர் எழுத்தே போதும். தெரியாதவருக்கு அது வெறும் எழுத்துதான். தமிழில் இதே நிலைமையைச் சிலப்பதிகாரத்தில் பார்க்கலாம். மாதவி ஆடிய பதினோர் ஆடலின் பெயரும் நம்மிடம் உண்டு: கொடுகொட்டி, பாண்டரங்கம், அல்லியம், மல், துடி, குடை, குடம், பேடு, மரக்கால், பாவை, கடையம். எந்தத் தெய்வம் எதற்காக ஆடியது என்பதும் தெரியும். அடி எடுத்து வைக்க அது உதவாது. அடியார்க்கு நல்லார் தம் உரையில் எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என்று விரிவாகப் பேசுகிறார். அவர் கையில் இருந்த கூத்து நூல்கள் பல இன்று இல்லை.

இரண்டாவது வழி, பகுத்துச் சொல்வது. படிப்பவருக்கு அந்த ஆட்டம் தெரியாது என்று வைத்துக்கொண்டு உடம்பை உறுப்பு உறுப்பாக, திசை திசையாகப் பிரித்து எழுதுவது. இது நீளும். ஆனால் மரபு அறுந்தாலும் தாள் பேசும்.

தரையை எழுதியவர்கள்

1700-இல் பாரிஸில் ரவூல்-ஓஜே ஃபோயே ஒரு நடன எழுத்து நூலை வெளியிட்டார். முறையை உருவாக்கியவர் 14-ஆம் லூயியின் நடன ஆசானாக இருந்த பியர் போஷாம். தன் உழைப்பை ஃபோயே எடுத்துக்கொண்டார் என்று 1704-இல் அவர் முறையிட்டார். ஃபோயே தொடர்ந்து அச்சிட்டுக்கொண்டுதான் இருந்தார். நடனத்தை எழுதும் முறை வந்த சுவட்டிலேயே உரிமைச் சண்டையும் வந்துவிட்டது.

ஃபோயேயின் பக்கம் என்பது மேலிருந்து பார்த்த நடனக்கூடம். ஆடுபவர் நடக்கும் பாதை தாளில் வளைந்து நெளிந்து போகும். இணையாக ஆடும் இருவரின் பாதைகளும் ஒன்றையொன்று சுற்றி இழைவதைப் பார்த்தால் வாசலில் போட்ட இழைக்கோலம் மாதிரி இருக்கும். பக்கத்தின் தலையில் இசை. இசையின் ஒவ்வொரு பகுதி முடிவதற்கும் ஈடாகப் பாதையின் குறுக்கே ஒரு சிறு கோடு. பாதையின் இரு பக்கமும் வலது கால், இடது கால் வைக்கும் அடிகள். முழங்கால் மடக்குவது, எழும்புவது, குதிப்பது எல்லாம் அந்த அடிக்குறியின் மேல் சிறு கீற்றுகள்.

இது நன்றாகவே வேலை செய்தது. 1706-இல் ஆங்கிலத்துக்குப் போனது. அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு பாரிஸ் ஆட்டத்தை லண்டனில் கற்றுக்கொண்டார்கள். இன்று 300-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் இந்த எழுத்தில் கிடைக்கின்றன. கை அசைவு மட்டும் பெரும்பாலும் இல்லை. அரசவையில் வளர்ந்தவருக்குக் கையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்தார்கள். அந்த அரசவை போன பிறகு கையும் போயிற்று. இன்று அந்த ஆட்டங்களை ஆடுகிறவர்கள் கைக்கு வேறு நூல்களையும் ஓவியங்களையும் தேடுகிறார்கள்.

ரஷ்யப் பெட்டிகளும் நிஜின்ஸ்கியின் ஏடும்

அடுத்த பெரிய பாய்ச்சல் இசைக்குறியை உடம்புக்கு மாற்றியது. ரஷ்யாவின் மரீன்ஸ்கி அரங்கின் நடனக் கலைஞர் விளாதிமிர் ஸ்தெபானோவ் உடற்கூறு படித்துவிட்டு 1892-இல் பாரிஸில் தன் முறையை வெளியிட்டார். தலை-உடல், கை, கால் என்று மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் இசைக்குறி போன்ற புள்ளிகள். எவ்வளவு நேரம் என்பதை இசையில் எழுதுவது போலவே எழுதலாம்.

அந்த அரங்கின் பெயர்பெற்ற நடன அமைப்பாளர் மரியுஸ் பெதிபாவின் பாலேக்கள் பலவற்றை இந்த முறையில் எழுதிவைத்தார்கள். புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு வெளியேறிய நிக்கலாய் செர்கேயெவ் அந்தத் தாள்களைத் தன்னோடு எடுத்து வந்தார். 1930-களில் லண்டனில் விக்-வெல்ஸ் பாலே குழு 'கிசெல்', 'ஸ்வான் லேக்', 'நட்கிராக்கர்' ஆகியவற்றை அரங்கேற்றியது அவற்றைக் கொண்டுதான். பிறகு ராயல் பாலே ஆனது அந்தக் குழு. பிரிட்டிஷ் பாலேயின் அடிப்படையான படைப்புகள் சில பெட்டிகளில் கடல்தாண்டி வந்த தாள்களிலிருந்து எழுந்தவை என்பது கொஞ்சம் அசரவைக்கும் விஷயம். தாள்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

அவற்றைப் படித்து 1999-இல் மரீன்ஸ்கியில் செர்கேய் விகரேவும், 2015-இல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக அலெக்சி ரத்மான்ஸ்கியும் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யை மீட்டெடுத்தார்கள். இரண்டும் ஒன்றுபோல் இல்லை. தாளில் பல இடங்களில் கால் மட்டும் நிறைவாக எழுதப்பட்டிருக்கிறது. கையும் உடலும் விட்டுப்போயிருக்கின்றன. எழுதியவர் ஒத்திகை நடக்கும்போதே அவசரமாகக் குறித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. விட்டதை நிரப்புவது மீட்டெடுப்பவரின் பொறுப்பாகிறது.

ரஷ்ய பாலே கலைஞர் நிஜின்ஸ்கியின் கதை இன்னும் தெளிவானது. 1912-இல் பாரிஸில் அவர் அமைத்த 'ஃபான்' பாலேயை, முதல் உலகப்போரின்போது புடாபெஸ்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்த 1915-இல், ஸ்தெபானோவ் முறையைத் தன் தேவைக்கு மாற்றித் தானே எழுதிவைத்தார். அந்த ஏட்டை வெகுகாலம் யாராலும் படிக்க முடியவில்லை. பாலே நினைவு வழியாகவே கைமாறி வந்தது. 1980-களில் ஆன் ஹட்சின்சன் கெஸ்டும் கிளாடியா யெஷ்கேயும் ஏட்டின் பூட்டைத் திறந்தார்கள். நினைவில் வந்த வடிவமும் தாளில் இருந்த வடிவமும் பல இடங்களில் வேறாக இருந்தன.

அவரே 1913-இல் அமைத்த 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' எழுதப்படவில்லை. சில காட்சிகளோடு நின்றும் போனது. 1987-இல் மில்லிசென்ட் ஹாட்சன் அதை ஜோஃப்ரி பாலேவுக்காக மீட்டபோது கையில் இருந்தவை அன்றைய ஓவியக் குறிப்புகள், இசைத்தாளின் ஓரத்தில் உதவியாளர் எழுதிய வரிகள், விமர்சனங்கள், உயிரோடிருந்தவர்களின் நினைவு. பார்க்க அருமையாக இருக்கிறது என்றுதான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதை நிஜின்ஸ்கியின் ஆட்டம் என்று சொல்லும் உறுதி, 'ஃபான்' விஷயத்தில் உள்ள அளவுக்கு இல்லை.

லாபான் எழுத்து வேலை செய்யும் விதம்

இன்று மிக விரிவாகப் பயன்படும் பகுப்பு முறை ருடால்ஃப் லாபானுடையது. அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியில் 1879-இல் பிறந்தவர். 1928-இல் முறையை வெளியிட்டார். மற்ற எல்லா முறைகளையும்விட இதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்பது பயன் தரும். ஒரு குறிக்குள் எவ்வளவு அடக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

தாளில் மூன்று செங்குத்துக் கோடுகள். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். நடுக்கோடுதான் முதுகெலும்பு: அதற்கு வலப்புறம் ஆடுபவரின் வலது உடம்பு, இடப்புறம் இடது உடம்பு. யாருடைய வலது என்ற கேள்வியே எழாது. நடுக்கோட்டை ஒட்டிய பத்தி, எடை தாங்குவதற்கு. அதற்கடுத்த பத்தி எடை இல்லாமல் அசையும் காலுக்கு. அதற்கும் வெளியே உடல், கை, தலை.

அந்தப் பத்திகளில் போடும் குறிகள் நான்கு செய்திகளை ஒரே நேரத்தில் சொல்கின்றன:

1. குறியின் வடிவம் திசையைச் சொல்லும். நேர் செவ்வகம் என்றால் இருந்த இடம். ஒரு மூலையோ பக்கமோ வெட்டப்பட்டிருந்தால் முன், பின், பக்கம், மூலை.

2. குறிக்குள் நிரப்பிய விதம் உயரத்தைச் சொல்லும். சாய்கோடு என்றால் மேல், நடுவில் புள்ளி என்றால் இடை, முழுக் கறுப்பு என்றால் கீழ். ஒன்பது வடிவம், மூன்று உயரம்: மொத்தம் 27 முதன்மைத் திசைகள்.

3. குறியின் நீளம் காலத்தைச் சொல்லும். நீண்ட குறி மெதுவான அசைவு, குட்டைக் குறி விரைவான அசைவு.

4. எந்தப் பத்தியில் நிற்கிறது என்பது எந்த உறுப்பு என்று சொல்லும்.

இந்த எழுத்தில் பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுத் தொகுதிகளான அடவுகளில் ஒன்றை, நாட்டடவை, எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அரைமண்டியில், அதாவது முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் நிற்க, எடைப் பத்தி இரண்டிலும் கறுப்புச் செவ்வகம். கால் வெளிப்பக்கம் திரும்பியிருப்பதற்குத் தனியாக ஒரு குறி. வலது காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குதிகாலை ஊன்றுவதற்குக் கால் பத்தியில் பக்கத் திசைக்குறி, கீழ் உயரம், அதில் குதிகாலுக்கான சிறு கொக்கி. எடை இப்போது இடது காலில் மட்டும் இருப்பது எடைப் பத்தியைப் பார்த்தாலே தெரியும். இதுவரை சிக்கலில்லை, சொல்லப்போனால் வகுப்பில் வாயால் விளக்குவதைவிடத் துல்லியமாகவே இருக்கிறது. சிக்கல் மணிக்கட்டுக்கு அப்பால் தொடங்குகிறது. அலபத்மம் என்ற கை முத்திரையைப் பிடிக்க ஐந்து விரலும் வெவ்வேறு அளவில் விரிந்து திரும்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறி தேவை. முறை அதற்கும் இடம் தருகிறது. ஆனால் ஒரே ஒரு கைக்குப் பத்தி நிரம்பிவிடும். நாம் 'அலபத்மம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

லாபான் எழுத்தின் பலம் 1936-இல் தெரிந்தது. பெர்லின் ஒலிம்பிக்ஸை ஒட்டி ஏறத்தாழ 1,000 பேர் ஆடும் ஒரு கூட்டு நடனத்தை அவர் அமைத்தார். ஆடுபவர்கள் தத்தம் ஊர்களில் தாளைப் படித்துப் பழகிவிட்டு வந்து சேர்ந்தார்கள். ஒத்திகையைப் பார்த்த நாஜி அமைச்சர் கோயபல்ஸ் அதைத் தடை செய்தார். நாஜி அரசின் நடனப் பதவியில் இருந்த லாபான் அதற்குப் பின் ஓரங்கட்டப்பட்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆயிரம் உடம்பை ஒரு தாளால் ஒரே நேரத்தில் அசைக்க முடியும் என்பது ஆட்சியாளர்களுக்கு முதலில் இனித்ததும் பிறகு கசந்ததும் புரிந்துகொள்ளக்கூடியதே.

நம் பட்டியலில் ஆறாவதாக இருந்த 'எப்படி' இந்த எழுத்தில் முழுதாக அடங்காது. லாபானே அதை உணர்ந்து எடை, காலம், வெளி, ஓட்டம் என்ற நான்கு அளவுகளில் விசையை விவரிக்கும் இன்னொரு முறையைத் தனியாக வளர்த்தார். இங்கிலாந்தில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அசைவை ஆராய்ந்தபோது உருப்பெற்றது அது. என்ன அசைவு என்பதற்கு ஓர் எழுத்து, எப்படி அசைவு என்பதற்கு ஓர் எழுத்து என்று இரண்டாகப் பிரிந்தது அப்படித்தான்.

பெனெஷ், எஷ்கோல்

பிரிட்டனில் ருடால்ஃப் பெனெஷும் அவர் மனைவி ஜோனும் 1955-இல் வெளியிட்ட முறை கண்ணுக்கு எளிது. இசையின் ஐந்து கோடுகளே உடம்பாகின்றன: உச்சந்தலை, தோள், இடுப்பு, முழங்கால், தரை. ஆடுபவரைப் பின்னாலிருந்து பார்ப்பதாகக் கணக்கு. கை, கால் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கீற்று: உடம்பின் தளத்தில் இருந்தால் படுக்கைக் கோடு, முன்னால் என்றால் நிமிர்ந்த கோடு, பின்னால் என்றால் புள்ளி. இசைத்தாளுக்கு நேர்கீழே எழுதலாம். ராயல் பாலே இதை ஏற்றுக்கொண்டு, இதை எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்களை முழுநேர வேலைக்கு வைத்தது. பாலே உலகில் இது வெற்றி பெற்றதற்கு எளிமையைவிட அந்தச் சம்பளம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இஸ்ரேலில் நோவா எஷ்கோலும் அவ்ராஹம் வாக்மனும் 1958-இல் வெளியிட்டது எண்களாலான முறை. ஒவ்வொரு உறுப்பும் ஒரு மூட்டைச் சுற்றி ஒரு கோளத்துக்குள் அசைவதாகக் கொண்டு கோணங்களை எழுதுவது. நடனக்காரர்களைவிட விலங்குகளின் அசைவை ஆராய்ந்தவர்களுக்கு அது அதிகம் பயன்பட்டது.

சொற்கட்டும் கரணமும்

பரதநாட்டிய வகுப்பின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் என்ன இருக்கும்? 'தெய்யா தெய்', 'ததிங்கிணதொம்' என்று சொற்கட்டு, அதாவது தாளத்தோடு சொல்லும் அசைகள். பக்கத்தில் அடவின் பெயர், எத்தனை முறை, எந்தப் பக்கம். எங்காவது ஒரு குச்சி மனிதன். தாள அங்கம் பிரித்திருக்கும். கோர்வையின் கணக்கு துல்லியமாக இருக்கும்.

இது கலப்பு முறை. காலத்தைப் பகுத்து எழுதுகிறது. உடம்பைப் பெயரால் சுட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் என்ற ஆசான் சகோதரர்கள் மார்க்கத்தை (கச்சேரியில் ஆடும் உருப்படிகளின் வரிசையை) ஒழுங்குபடுத்திய காலந்தொட்டு, ஆட்டுவிக்கும் ஆசான்களான நட்டுவனார்களின் மரபு கையாண்டதும் இதுவே. நட்டுவனார் தட்டுக்கழியோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்வரை இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் ஒரே சொற்கட்டுக்குப் பந்தநல்லூர் பாணியில் ஒரு கை, வழுவூர் பாணியில் இன்னொரு கை. நோட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆசிரியர் இல்லாமல் நோட்டு மட்டும் கிடைத்தால் ஜதி மிஞ்சும், பாணி மிஞ்சாது.

உடம்பைப் பகுத்து எழுதும் முயற்சி இந்தியாவில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் நடனத்தின் அடிப்படை அலகுகளான 108 கரணங்களையும் கை, கால், உடல் எப்படி என்று சுலோகத்தில் விவரிக்கிறது. கல்லிலும் அவை உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் 81 கரணங்கள் வரிசையாக நிற்கின்றன. மீதி 27-க்கு வைத்த கற்கள் செதுக்கப்படாமல் இருக்கின்றன. சிதம்பரம் கோபுர வாயிலில் சிற்பத்தோடு சுலோகமும் பொறித்திருக்கிறார்கள். படமும் விளக்கமும் ஒரே இடத்தில்: ஆவணம் என்று பார்த்தால் இது எந்த ஐரோப்பிய நூலுக்கும் குறைந்ததல்ல.

ஆனால் கல் ஒரு கணத்தைத்தான் காட்டும். வெகுகாலம் கரணம் என்றால் ஒரு நிலை என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். கரணம் ஓர் அசைவு, சிற்பம் அந்த அசைவின் நடுவில் பிடித்த ஒரு கணம் என்று வாதிட்டு, சுலோகத்தையும் சிற்பத்தையும் சேர்த்துப் படித்து 108-ஐயும் ஆடிக் காட்டினார் பத்மா சுப்ரமணியம். அவர் மீட்டதெல்லாம் அப்படியே பழைய ஆட்டம்தானா என்று கேட்பவர்களும் உண்டு. தொடக்கமும் முடிவும் கல்லில் இல்லாதபோது அந்தக் கேள்வி எழத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது, அமெரிக்க நீதிமன்றங்கள் இரண்டும் மோதிக்கொண்டதும் இதே இடத்தில்தான். நடனத்தின் அலகு நிலையா, அசைவா?

வீடியோ இருக்கும்போது எழுத்து எதற்கு?

நியாயமான கேள்வி. கைப்பேசியில் எடுத்தால் முடிந்தது. நடைமுறையில் இன்று உலகெங்கும் பெரும்பாலான நடனங்கள் அப்படித்தான் கைமாறுகின்றன. அமெரிக்க நவீன நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009-இல் இறந்த பிறகு அவருடைய படைப்புகளைக் காக்க அவர் அறக்கட்டளை தொகுத்த கோப்புகளிலும் வீடியோவே முக்கியப் பங்கு வகிக்கிறது. இருந்தாலும் சில விஷயங்களை வீடியோ செய்யாது.

1. அன்றைக்கு ஆடியதையே அது காட்டும். ஆடுபவர் ஓர் அடியை விட்டிருந்தால், அந்தப் பிழையும் நடனத்தின் பகுதியாகப் பதிவாகும். எழுத்து, ஆட வேண்டியது எது என்று சொல்லும்.

2. ஒரு கோணம்தான். உடுப்பு மறைத்த முழங்கால், முன்னால் நிற்பவர் மறைத்த பின்வரிசை எல்லாம் போய்விடும். திரையைப் பார்த்துக் கற்பவர் வலது இடது மாற்றிக் கற்பதும் சகஜம்.

3. நகலெடுப்பது எளிது, ஆராய்வது கடினம். எட்டு வரிசையில் மூன்றாமவர் மட்டும் என்ன செய்கிறார் என்று பார்க்கத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும்.

எழுத்துக்கும் விலை உண்டு. நல்ல குறியாளர் ஒத்திகை முழுதும் உடனிருக்க வேண்டும். பிறகு திருத்தி எழுத வேண்டும். சின்னக் குழுக்களால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. என் கணிப்பில், எழுத்து பின்தங்கியதற்குப் பெரிய காரணம் வீடியோகூட அல்ல, இந்தச் செலவுதான்.

மூன்றாவது வழியாக வந்திருப்பது கணினி. உடம்பில் ஒளிரும் குண்டுமணிகளை ஒட்டிப் பல கேமராக்களால் பிடித்தால் ஒவ்வொரு மூட்டின் இருப்பிடமும் எண்ணாகக் கிடைக்கும். இப்போது சாதாரண வீடியோவிலிருந்தே மூட்டுகளைக் கணிக்கும் மென்பொருள்கள் உண்டு. கூகுளின் மீடியாபைப் உடம்புக்கு 33 புள்ளிகளும் ஒரு கைக்கு 21 புள்ளிகளும் தருகிறது. கை 21 புள்ளி என்பது முத்திரைக்குப் போதுமே என்று தோன்றும். இரண்டு கை கோத்த முத்திரையில் ஒரு கை மற்றதை மறைத்தால் கணிப்பு தடுமாறும். அதைவிட அடிப்படையான குறை, தட்டு. பாதம் தரைக்கு வந்ததை எண் சொல்லும். ஓங்கித் தட்டியதா, சும்மா வைத்ததா என்பதை அது சொல்லாது. தட்டடவில் அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ஆசிரியர் குரல் உயர்த்தும் தூரம்.

சட்டம் என்ன கேட்கிறது?

அமெரிக்காவில் நடனம் தனி வகைப் படைப்பாகச் சட்டத்தில் இடம்பெற்றது 1976-இல்தான். அதற்கு முன் நாடகம் என்ற பெயரில்தான் பதிய முடியும். 'கிஸ் மீ, கேட்' இசைநாடகத்துக்கு ஹான்யா ஹோல்ம் அமைத்த நடனங்கள் 1952-இல் அங்கே பதிப்புரிமை பெற்றன. கொடுத்தது லாபான் எழுத்தில் எழுதிய தாள். நடனமும் ஒரு படைப்பு என்று காட்ட எழுத்து அன்று உதவியது. இப்போது அங்கே வீடியோவும் ஏற்கப்படும். ஆனால் ஒரு சில அடிகள், விழாக்களில் எல்லோரும் ஆடும் ஆட்டம், யோகாசன வரிசை போன்றவற்றுக்கு உரிமை கிடையாது. ஹனகாமி வழக்கில் சிக்கல் இந்த எல்லையில்தான் வந்தது: எத்தனை அடி சேர்ந்தால் படைப்பு?

இந்தியச் சட்டம் வேறு மாதிரி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2(எச்) பிரிவு நடன அமைப்பை 'நாடகப் படைப்பு' என்பதற்குள் வைக்கிறது. அதன் அரங்க அமைப்போ ஆடும் வடிவமோ எழுத்திலோ வேறு வகையிலோ நிலைநிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. உடனே, திரைப்படம் இதில் அடங்காது என்றும் சொல்கிறது. சட்டத்தின் கணக்கில் வீடியோவும் திரைப்படம்தான்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். படம் வேறு வகைப் படைப்பு, அதை நாடகப் படைப்போடு குழப்பாதே என்று மட்டும் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். வீடியோவில் மட்டும் இருக்கும் நடனம் நிலைநிறுத்தப்பட்டதாக ஆகாது என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பொருளே சரி என்று வந்தால், வீடியோ மட்டும் வைத்திருக்கும் நடன அமைப்பாளர் கையில் வலுவான ஆதாரம் இல்லை.

உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. கர்நாடகத்தின் ஆட்டக்கலையான யக்ஷகானத்தைப் பாலே வடிவில் புதிதாக அமைத்த கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த் 1997-இல் காலமானார். உயில்வழி உரிமை பெற்றவருக்கும், அனுமதி இல்லாமல் ஆட்டத்தை நிகழ்த்தியதாகச் சொல்லப்பட்ட மணிப்பால் நிறுவனம் ஒன்றுக்கும் நடந்த வழக்கில் 2009-இல் தீர்ப்பு வந்தது. நடன நிகழ்த்துதலை இலக்கியப் படைப்பாகப் பார்க்க முடியாது, அது நாடகப் படைப்பு என்ற வரையறைக்குள் வரும் என்றது நீதிமன்றம். கல்வி நிறுவனங்களுக்குச் சட்டம் தரும் விலக்குகளையும் அந்த நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. படைத்தவர் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் காரந்தின் உரிமை 2057 முடியும்வரை நிற்கும்.

புது நடனம் அமைக்கும் ஒருவருக்கு இதிலிருந்து கிடைப்பவை:

1. வீடியோவோடு ஓர் எழுத்து ஆவணமும் வேண்டும். லாபான் எழுத்து கட்டாயமில்லை. சட்டம் எந்த முறையையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

2. சொற்கட்டு மட்டும் எழுதிய நோட்டு, ஜதிக்கு ஆதாரமாகலாம், அமைப்புக்கு ஆகாது. அடவின் பெயர், பாணி, கை, திசை, அரங்கில் நகரும் பாதை, குழுவில் யார் எங்கே என்பவற்றை ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக (தாளச் சுற்று ஒவ்வொன்றாக) எழுதினால்தான் அசைவின் தொடர்ச்சி தெரியும்.

3. அடவோ முத்திரையோ யாருக்கும் சொந்தமில்லை. அவற்றைக் கோத்த விதத்துக்குத்தான் உரிமை. ஆகவே ஆவணம் விரிவாகப் பேச வேண்டியது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடங்களைப் பற்றி. நோட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் காலியாக இருப்பது அந்த இடம்.

4. எழுதிய தேதியும் எழுதியவர் யார் என்பதும் தெளிவாக இருக்கட்டும். மாணவர் எழுதிய நோட்டை வைத்து ஆசிரியர் உரிமை கேட்பதும், அதற்கு மாறாக நடப்பதும் வீண் வழக்கு.

கணினி பிடித்த மூட்டுப் புள்ளிகளின் கோப்பு எதில் சேரும்? அதில் படம் இல்லை, எண் வரிசை மட்டும்தான். படித்து மறுபடி ஆடவைக்கவும் முடியும். பிரிவில் உள்ள 'வேறு வகையிலோ' என்ற சொற்களுக்குள் அதைக் கொண்டுவர வாதிடலாம். அந்த வாதத்தை முதலில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறவர் பரதநாட்டியக்காரராக இருக்க வாய்ப்பு குறைவு; சினிமா நடன இயக்குநராகவோ விளையாட்டு மென்பொருள் நிறுவனமாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அந்தக் கோப்புகள் இப்போது குவிவது அவர்களிடம்தான்.